தாடைக்குக் கீழே நீட்டிய கை

பெயர்: மஹ்பூபா பிந்தி ஹபீப் முகம்மது. வயது: 28. தொழில்: குடும்பத் தலைவி, முன்பு கணக்குப் பிரிவு உதவியாளர். முகவரி: அடுக்குமாடி வீடு, டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன், பினாங்கு. பதிவு செய்பவர்: சார்ஜன் தங்கராஜு. உடன் இருப்பவர்: கார்ப்பரல் நோர்மா. தமிழில் சொல்லப்பட்டு, தமிழில் எழுதப்பட்டு, பிறகு மலாயில் மொழிபெயர்க்கப்படும்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர் இம்ரான், நான்கு வயது மகள் ஹன்னா, என் மாமியார் ஆகியோருடன் வசித்து வருகிறேன். நான் கல்லூரியில் கணக்கியல் படித்தவள். என் கணவரின் அக்கா ஹுஸ்னா மீது இந்தப் புகாரைக் கொடுக்கிறேன். அவர் எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் குடியிருக்கிறார், சூலியா தெருவில் தூடோங் என்னும் முக்காட்டுத் துணிக் கடை வைத்திருக்கிறார், போனில் லைவ் போட்டும் விற்பார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். சம்பவம் இந்த ரமலான் மாதத்தின் முதல் வாரத்தில் நடந்தது. இவ்வளவு நாள் கழித்து ஏன் வருகிறீர்கள் என்று சார்ஜன் கேட்டார். அதற்கான காரணம் வரிசைப்படி கீழே வரும்.

எனக்கு அனொரெக்சியா நெர்வோசா என்ற நோய் இருப்பதாகப் போன வருடம் மருத்துவர் சொன்னார். இது பசிக்காத நோய் இல்லை. பசிக்கும். ஆனால் சோற்றைப் பார்த்தால் சாக்கடையைப் பார்த்த மாதிரி இருக்கும், ஒரு வாய் உள்ளே போனால் உடம்பு முழுக்க அழுக்காகிவிட்ட மாதிரி இருக்கும். நான் வார்டில் சேரவில்லை. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் உளவியலாளர் சாந்தினியிடம் பேசிவிட்டு வருகிறேன். என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று சார்ஜன் கேட்டார். பேச்சுதான் மருந்து என்று சொன்னேன். பேசியதை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும், அதுதான் சிரமம். என் மாமியார் இதைக் கேள்விப்பட்டபோது, "பேசுறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? நம்ம வீட்டுல இல்லாத பேச்சா?" என்றார்.

அதற்கு முன் பல வருடங்கள் இந்த நோய் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் நோன்பு. திங்களும் வியாழனும் நோன்பு வைப்பேன், ராயா பெருநாள் முடிந்ததும் ஆறு நோன்பு வைப்பேன், விட்ட நோன்பு என்று சொல்லி விடாத நோன்பையும் வைப்பேன். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். மதினி தன் பிள்ளைகளிடம், "மாமியப் பாத்துக் கத்துக்கங்க" என்று என்னைக் காட்டுவார். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் துப்புவேன். சாந்தினி ஒரு நாள், "அந்த நோன்பெல்லாம் யாருக்காக வச்சீங்க, மஹ்பூபா?" என்று கேட்டார். படைத்தவன் பெயரைச் சொல்லி, எடை பார்க்கும் தராசுக்கு வைத்த நோன்பு அது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அதன் பிறகு ரமலான் நெருங்கியது. எடை இதற்கு மேல் குறைந்தால் வார்டில் சேர்த்தே ஆக வேண்டும், அங்கே ஹன்னா என்னோடு இருக்க முடியாது என்று சாந்தினி முன்பே சொல்லியிருந்தார். நோன்பைப் பற்றி உங்கள் உஸ்தாதிடம் கேளுங்கள் என்றும் அவரே சொன்னார். நான் பள்ளிவாசல் உஸ்தாது ஷேக் அலாவுதீனிடம் மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவர், "நோயாளிக்கு விலக்கு இருக்கு. உங்களுக்கு இப்ப சோறுதான் மருந்து, நேரத்துக்கு எடுங்க" என்று சொன்னார். இது என் கணவருக்குத் தெரியும். மாமியாருக்கும் மதினிக்கும் அவர் சொல்வதாக இருந்தது. சொல்லவில்லை.

வீட்டில் எல்லோரும் நோன்பில் இருக்கும்போது அவர்கள் முன்னால் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டால் நான் சாப்பாட்டை ஒளித்துவிடுவேன் என்பது எனக்கும் தெரியும், சாந்தினிக்கும் தெரியும். எனவே என்னோடு முன்பு வேலை செய்த காமினி தன் மதிய இடைவேளையில் வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவானது. அவள் அலுவலகம் பக்கத்தில் என்பதால், சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடத்தில் என் காருக்குள், கண்ணாடியில் வெயில் மறைப்பு வைத்து, இருவரும் ஒரே அளவு சாப்பிடுவோம். மதினி கடையிலேயே இருப்பார், பின்பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன்.

சம்பவ நாளன்று சோறு, மீன் குழம்பு, அவித்த முட்டை. முட்டை மஞ்சள் கருவை நான் சாப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. காமினி, "வாயில வச்சுட்டு ஆபீஸ் கதை கேளு லா, தானா எறங்கும்" என்று சொல்லி, எங்கள் பழைய மேனேஜர் ஜூம் மீட்டிங்கில் தூங்கி விழுந்ததை நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். மஞ்சள் கரு என் வாயில் இருந்தது. அப்போது என் பக்கக் கதவு திறந்தது. மதினி போனைப் பிடித்தபடி நின்றார்.

அவர் போனைப் பார்த்து, "பாருங்க, வருசம் பூரா நோன்பு வச்ச புண்ணியவதி! ரமலான்ல லஞ்ச் சாப்புடுறா" என்றார். காமினி, "அக்கா, அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, டாக்டர் சொல்லித்தான் சாப்புடுறாங்க" என்றாள். மதினி, "நீ தின்னும்மா, ஒன்ன ஒண்ணும் கேக்கல" என்றார். அதன் பிறகு என் மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக் காருக்கு வெளியே கவிழ்த்தார். அதன் பிறகு ஒரு கையால் என் தோளைச் சீட்டோடு அழுத்திப் பிடித்தபடி, குழந்தைக்குப் பிடிப்பது போல இன்னொரு கையின் உள்ளங்கையை என் தாடைக்குக் கீழே நீட்டினார். போனை அதற்குள் கதவு இடுக்கில் சாய்த்து வைத்திருந்தார். "துப்பு" என்றார். "துப்புடி."

நான் துப்பினேன்.

சார்ஜன் இந்த இடத்தில், பயந்து துப்பினீர்களா என்று கேட்டார். பயம் இருந்தது. ஆனால் துப்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, விழுங்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. மதினி செய்ததில் எனக்கு எது அதிக அருவருப்பு என்று கேட்டால் அதுதான். சாந்தினியும் நானும் மாதக்கணக்கில் பேசிப் பேசி எதை அடக்கி வைத்திருந்தோமோ, அது மதினியின் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. மதினி கையிலிருந்ததைப் போனுக்கு நேராகக் காட்டிவிட்டு, என் ஷாலின் ஓரத்தில் துடைத்தார். அவர் கையில் அத்தர் வாசனை அடித்தது. தரையில் கிடந்த சோற்றைக் கொத்த மைனாக்கள் வந்தன. அதையும் படம் எடுத்தார்.

அதன் பிறகு அந்த வீடியோ குடும்பக் குழுவில் வந்தது, பிறகு வெளியே போனது. எலும்புக்கூட்டுக்கு எதற்குச் சோறு என்று ஒருவர் எழுதினார். வேறு சில பெண்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, எப்படி இவ்வளவு மெலிந்தீர்கள், என்ன தேநீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். திட்டியவர்கள் எழுதியதைப் படித்து முடித்தேன், இவர்கள் எழுதியதைப் படிக்க முடியாமல் போனை மூடி வைத்தேன். மதினி, "அவ கேமரா முன்னால மன்னிப்புக் கேக்கட்டும், வீடியோவ எடுத்துர்றேன்" என்று என் கணவரிடம் சொல்லி அனுப்பினார். மாமியார், "ராயா வருது, வீட்டு விசயத்த வீட்டோட முடி" என்றார். நான் மறுபடி சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். காமினி போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. அடுத்த முறை எடை பார்த்தபோது குறைந்திருந்தது. சாந்தினி வார்டில் படுக்கை கேட்டு எழுதுவதாகச் சொன்னார். அப்போதும் நான் போலிசுக்கு வரவில்லை. நானும் தப்புச் செய்தவள் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

நேற்று மாலை நோன்பு திறக்கும் நேரத்தில், ஹன்னா பார்க்கிறாளே என்று ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். ஹன்னா நாற்காலி மேல் ஏறி நின்று, தன் உள்ளங்கையை என் தாடைக்குக் கீழே நீட்டி, "துப்பும்மா, துப்பு" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். மாமி போனில் காட்டினார்கள் என்றாள்; அவள் மாமி என்பது மதினியைத்தான். மேசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு ஹன்னா தன் வாயிலிருந்த கஞ்சியைத் தன் கையிலேயே துப்பி எனக்குக் காட்டினாள், நான் பாராட்டுவேன் என்று காத்து நின்றாள்.

நான் பேரீச்சம்பழத்தை விழுங்கினேன். அதன் பிறகு என் கணவரிடம், நாளைக்கு என்னைப் போலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் நான் கிராப் டாக்சி பிடித்துப் போவேன் என்றேன். கூட்டி வந்தார். வெளியே காரில் இருக்கிறார்.

முஸ்லிம் ஒருவர் ரமலான் பகலில் வெளியே சாப்பிடுவது இங்கே குற்றம் என்பதால், இது சமய இலாகா விஷயம் ஆகாதா என்று கார்ப்பரல் நோர்மா முதலில் கேட்டார். நான் நோன்பு வைக்காததற்கு இறைவனிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் வாயிலிருந்ததைத் தன் கையில் துப்ப வைத்ததற்கும், அதை என் மகளுக்குக் காட்டியதற்கும் மதினி சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும். வீடியோ நீக்கப்பட வேண்டும். நான் சாப்பிடும் இடத்துக்கு அவர் வரக்கூடாது. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது என் மதிய உணவு நேரம் வந்துவிட்டது. வாக்குமூலத்தை நிறுத்தி, இங்கேயே சாப்பிடலாமா என்று கேட்டேன். சார்ஜன் சரி என்றார். யாராவது எதிரில் உட்கார வேண்டும் என்று நான் சொன்னதும், நோன்பில் இருந்த நோர்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். டப்பாவில் இருந்தது இன்று காலை என் கணவர் சமைத்த சோறும் முட்டைக் குழம்பும். நோன்பில் இருந்ததால் ருசி பார்க்காமல் இறக்கியிருக்கிறார், உப்பே இல்லை. மஞ்சள் கருவோடு முழுவதும் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டதையும் வாக்குமூலத்தில் எழுத வேண்டுமா என்று சார்ஜன் கேட்டார். எழுதுங்கள் என்றேன். மதினியிடம் இருப்பது நான் துப்பிய பதிவு. நான் விழுங்கியதும் எங்காவது பதிவாக வேண்டும்.

எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அத்தனையும் நடந்தபடியே உண்மை என்று கைகழுவி வந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மஹ்பூபா