இருபதாயிரம் ஆண்டுகளை வெட்டியவள்

தலைமையேற்று, தாமதமாக வந்த என்னையும் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் கலியமூர்த்தி ஐயா அவர்களே, முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோரே, கிட்வாய் நகரிலிருந்தும் ஆர்.கே.புரத்திலிருந்தும் டெல்லிப் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நிற்கும் தமிழ்செல்வியே, உங்கள் அனைவருக்கும் கோமளாவின் பணிவான வணக்கம்.

'தொலைக்காட்சி அறிவியல் தொடர்களில் நம் பால்வீதி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுங்கள் என்றும் செயலாளர் சொன்னார். பத்து ஆண்டுகளாக வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள் நான். மேடை எனக்குப் புதிதல்ல. இன்று சொல்லப்போவதுதான் புதிது.

எப்படிக் காட்டுகிறார்கள் நம் பால்வீதியை? தொடக்க இசையில் நீலச் சுழலாய்ச் சுற்றுகிறது. அடுத்த காட்சியில் மேசைமேல் வரைபடமாய் விரிகிறது. பங்காளிகள் வயலைப் பிரிப்பதுபோல் கோடு கிழித்து, இது அவன் எல்லை, இது இவன் எல்லை என்கிறார்கள். நம் சூரியனோ மூலையில் ஒரு புள்ளி. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒளி போய்ச்சேரவே ஒரு லட்சம் ஆண்டு ஆகும். இவர்கள் கப்பல் விளம்பர இடைவேளைக்குள் போய்விடுகிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி வீடு திரும்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இனிமேல் சிரிக்க இடமில்லை.

எங்கும் படை, எங்கும் பகை, எங்கும் படையெடுப்பு. அந்த அண்டத்திலிருந்து ஒருவர் வந்தார், ஒரு டம்ளர் காப்பி குடித்தார், நல்லபடியாகப் போனார் என்று ஒரு கதை உண்டா? டெல்லியில் பிறந்த நம் பிள்ளைகள் பால்வீதியை வானத்தில் கண்டார்களா? புகை விட்டதா? விளக்கு விட்டதா? திரையில் சுழல்கிறதே, அது ஒன்றுதான் அவர்கள் கண்ட பால்வீதி. அந்தத் திரைக்குத் தமிழ் கொடுத்த நாக்கு என்னுடையது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. நடிகனின் உதடு மூடும்போது நம் வசனமும் முடிய வேண்டும். ஒரு தொடரில் பகைவர் தலைவன் மனிதர்களிடம் சொல்கிறான்: "உங்கள் வெளிச்சம் எங்களை எட்ட இருபதாயிரம் ஆண்டாகும். எட்டினால் வருவோம்." தமிழில் நீண்டுவிட்டது. உதடு மூடிய பிறகும் ஓடியது. நான் என்ன செய்தேன்? இருபதாயிரம் ஆண்டுகளை வெட்டினேன். "வெளிச்சம் தெரிந்தது. இன்றே வருகிறோம்." கச்சிதமாகப் பொருந்தியது. பதிவுக்கூடத்தில் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

போன மாதம், பள்ளிகளுக்குக் குளிர் விடுமுறை. அந்த வசனம் வரும் பகுதி மாலை ஐந்து மணிக்கு ஓடியது. இதோ நிற்கிறாளே தமிழ்செல்வி, இவள் என் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வேலை செய்கிறாள். இவள் மகள் சிந்துவுக்கு ஒன்பது வயது, மகன் தீனாவுக்கு மூன்று. தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளும் அதைப் பார்த்திருக்கிறார்கள். குளிருக்குக் கரி போட்ட அங்கீட்டி அடுப்பு உள்ளே கனன்றிருக்கிறது. தகரத்தில் இடுக்கு நிறைய, காற்று வரும் என்ற தைரியத்தில்தான் தாய் அதை வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

விளக்கை அணைத்தால் தம்பி அழுகிறான். அணைக்காவிட்டால் வெளிச்சம் தெரியும், அவர்கள் வருவார்கள். ஒன்பது வயதுக் குழந்தை என்ன செய்யும்? அம்மாவின் சேலையைக் கிழித்து இடுக்கை அடைத்தாள். ஸ்வெட்டரைக் கழற்றிச் சன்னலை அடைத்தாள். கதவுக்கு அடியில் போர்வையைத் திணித்தாள். ஒரு கீற்று வெளிச்சமும் வெளியே போகவில்லை. அங்கீட்டிப் புகையும் போகவில்லை.

ஆறரை மணிக்குத் தமிழ்செல்வியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "யக்கா, புள்ள கதவத் தொறக்க மாட்டேங்குது. கூப்பிட்டா சத்தமே இல்லக்கா. ஜல்தி வாங்க." நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்திருந்தார்கள். இரண்டும் துணி மாதிரி துவண்டு கிடந்தன. தம்பியின் முகத்தைத் தன் கையால் மூடியபடி கிடந்தாள் அவள்.

இல்லை அம்மா, அழாதீர்கள். பிழைத்துவிட்டார்கள். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்த பிறகு சிந்து கண் திறந்தாள். திறந்ததும் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, லைட் வெளிய தெரிஞ்சுச்சா?"

குனிந்து அவள் காதில் சொன்னேன்: "அவங்க ரொம்ப தூரம்டா. நம்ம வெளிச்சம் போய்ச் சேரவே இருபதாயிரம் வருஷம் ஆகும்."

"அப்போ டிவில ஏன் இன்னைக்கேன்னு சொன்னாங்க? யாரு அப்படிச் சொல்லச் சொன்னா?"

சபையோரே, நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தெரியலடா" என்றேன். தமிழ் பேசிப் பிழைக்கும் நாக்கு, ஒரு குழந்தையின் கட்டிலருகே பொய் சொன்னது. அந்தத் தூரம்தானே நமக்கு அரண்? அண்டம் அகன்று கிடப்பதால்தானே நாம் அஞ்சாமல் தூங்குகிறோம்? அதை ஒரு உதட்டசைவுக்காகச் சந்துபோல் சுருக்கியவள் நான்.

தமிழ்செல்வி, எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அந்த வசனத்தை எழுதியது நான்தான்.

என்னம்மா? பேசு. ஒலிவாங்கியை அவளிடம் கொடுங்கள்.

"தெரியும்க்கா. படம் முடிஞ்சதும் உங்க பேரு ஓடுது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். நீங்களா வாயத் தொறந்து சொல்றீங்களான்னுதான் ஒரு மாசமா பாத்துட்டு இருந்தேன்."

ஒரு மாதம். என் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே.

ஐயா, நேரமாகிவிட்டது என்று சீட்டு நீட்டுகிறீர்கள். முடிக்கிறேன். ஓடிப்போன பகுதியைத் திரும்பக் கூப்பிட முடியாது. இன்று எந்தப் பிள்ளை எந்த இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கிறதோ. மிச்சப் பகுதிகளில் அந்த இருபதாயிரம் ஆண்டுகளைத் திரும்ப எழுதிவிட்டேன். உதடு மூடிய பிறகும் வசனம் ஓடும். பார்த்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், பொறுத்துக்கொண்டிருந்த தமிழ்செல்விக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் சன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். வணக்கம்.