இரத்தம் தின்ற அமீபா

பொதுவாக நான் கோபப்படுகிறவன் இல்லை, சார். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அடுகோடி பக்கம் அந்த மருத்துவமனையில் பரிசோதனைக் கூடத்துக்கு நெடுநாளாக நான்தான் தலைவர். மலத்தில் அமீபா தெரிந்தால் கேன்டீன் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்வேன். தொண்ணூற்றெட்டில் ஜூடித் என்ற ஆராய்ச்சியாளர் வந்தாள். அமீபாவில் இரண்டு வகை. ஒன்று குடலைத் துளைத்து ஈரல்வரை போகும்; மற்றது சும்மா இருந்துவிட்டுப் போகும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டிஎன்ஏவைப் பார்க்கும் அவளுடைய பிசிஆர் சோதனை பிரித்துக் காட்டியது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டாக்டர்கள் எல்லோரும் இருந்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள்:

“ரங்கநாதன் சார் நோயின்னு எழுதிக் குடுத்த முக்கால்வாசிப் பேருக்கு நோயே இல்ல.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னோடு வீடுவரை வந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்டது.

அப்போதுதான் கேன்டீனில் வேலை பார்த்த அய்யாவு என்பவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி. ஆஸ்டின் டவுன்காரர், நல்ல மனிதர். அவருடைய மல மாதிரியை நான்தான் முதலில் பார்த்தேன். அமீபாவுக்குள் சிவப்பணுக்கள் கிடந்தன. இரத்தம் தின்பது கெட்ட வகைதான். அப்படித் தின்றிருந்தால் மட்டும் மைக்ரோஸ்கோப்பிலேயே சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. தீங்கில்லாத வகை என்று ஜூடித் ஏற்கெனவே முடிவு கொடுத்திருந்த ஒரு பெண்ணின் மாதிரியை, அய்யாவு பெயர் ஒட்டிய குப்பியில் போட்டு அவளிடம் அனுப்பினேன்.

தீங்கில்லாதது என்றே முடிவு வந்தது. டாக்டர்கள் அமீபாவுக்கான மருந்தை நிறுத்திவிட்டு டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அய்யாவு விலாவைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“மெஷின்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சாம். அப்புறம் ஏன் டாக்டர் இப்படி வலிக்குது?”

“அந்த மெஷின் தப்புப் பண்ணாது, அய்யாவு.”

ஈரலில் கட்டி உடைந்து இறந்துபோனார். அவர் மனைவி வேதநாயகி ஜூடித்தின் மேஜைமுன் வந்து நின்றாள். “ஒண்ணுமில்லன்னு நீதானேம்மா சொன்ன?” என்று கேட்டாள். பிசிஆர் சோதனையை நிறுத்த உத்தரவு போட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அய்யாவு பெயர் ஒட்டிய குப்பியில் மிச்சமிருந்த மாதிரியை அவள் திரும்பவும் சோதித்துப் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை. அதில் இருந்தது பெண்ணின் டிஎன்ஏ. அதனால்தான் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள்.

மாற்றியது நான்தான். மருந்தில்லாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தேதான் மாற்றினேன். ஆனால் வாக்குமூலம் எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள், சார். அய்யாவுக்கு என்ன நோய் என்று முதலில் சரியாகக் கண்டுபிடித்தவன் நான்.