நாலாவது வரி

— இன்னொரு தடவை "அதாவது"ன்னு இழுத்த, இந்த ஸ்டேப்ளர் உன் மண்டைக்குத்தான். பட்டுனு சொல்லு. பள்ளிக்கூட வெப்சைட்ல இருந்து மெயில் போச்சா, போகலையா?

— போகலக்கா.

— ஒண்ணுகூடவா?

— ஒண்ணுகூட. ஆரம்பிச்ச நாள்ல இருந்தே. விண்ணப்பம் எல்லாம் செர்வர்ல பத்திரமா கிடக்கு. அதாவது... உனக்குத் தகவல் மெயிலும் வரல, பெத்தவங்களுக்குப் பதிலும் போகல.

— எத்தனை கிடக்கு?

— முப்பத்தொண்ணு.

— அட பாவி! வெப்சைட்ல யாருமே விண்ணப்பம் போடலைன்னு நான் பெரிய டீச்சர்கிட்ட போய் வருத்தப்பட்டேன்டா. "ஊர்ல காது கேக்காத பிள்ளைங்க குறைஞ்சா நல்லதுதானே"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க. இங்க முப்பத்தொரு வீட்ல உக்காந்து தினம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்திருக்காங்க!

— யாராவது ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா...

— என்ன சொன்ன?

— இல்ல... ஒண்ணுமில்ல.

— சொல்லு ராசா, நல்லா சொல்லு. பிள்ளைக்கு மட்டும் இல்ல, அதுல பாதி வீட்ல அப்பன் ஆத்தாளுக்கும் காது கேக்காது. போன்ல என்னத்தைக் கேப்பாங்க? அதுக்குத்தானே மெயில் வேணும், மெயில் வேணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! காலையில ஒருத்தர் வந்தாரு. ரெண்டு பஸ் மாறி வந்திருக்காரு. சட்டைப் பையில இருந்து சின்ன நோட்டு ஒண்ணை எடுத்து எழுதிக் காட்டினாரு. என்ன எழுதினாரு தெரியுமா? "என் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துக்குக்கூட லாயக்கில்லையா?"

— அக்கா, போதும்.

— எனக்குப் போதலையே. நானும் எழுதித்தானே பதில் சொல்லணும்? பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு அவர் முகத்தையே பாக்குறேன். ஒரு எழுத்து வரல.

— செர்வர் கம்பெனிக்காரன் தப்புன்னு சொல்லிடலாம்க்கா. மெயில் அனுப்புற வசதியை அவன்தான் அடைச்சு வச்சிருந்தான். அது நிஜம்தான்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவன் அடைச்சு வச்சிருந்தது உனக்கு எப்போ தெரியும்?

— அது எதுக்குக்கா இப்போ?

— வெப்சைட்டை ஏத்துறதுக்கு முன்னாடி செர்வர்ல சோதனைப் பக்கம்னு ஒண்ணு போட்டுப் பாப்பேன்னு நீதானே பீத்திக்கிட்ட? குடி போறதுக்கு முன்னாடி குழாயில தண்ணி வருதா, லைட் எரியுதான்னு பாக்குற மாதிரின்னு. பார்த்தியா இல்லையா?

— பார்த்தேன். அஞ்சு வசதிக்கு அஞ்சு வரி வரும்க்கா. இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. மொத மூணும் பச்சை.

— நாலாவது?

— நாலாவது மெயில். சிவப்பு.

— எல்லாம் சரின்னு நீ எழுதிக் குடுத்த ரிப்போர்ட்ல அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஒட்டியிருந்தியே. அதைப் பத்திச் சொல்லு.

— அதையும் சொல்லணுமா?

— உன் வாயால சொல்லு.

— அது நம்ம செர்வரே இல்லக்கா. முந்தின மாசம் மெத்தைக் கடைக்காரருக்குச் செஞ்சப்ப எடுத்த படம். அவங்களுக்கு அஞ்சும் பச்சை.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க.

— மறுநாள் வெப்சைட் திறப்பு விழா. கம்பெனியில கேட்டா ரெண்டு நாளாகும்னான். மூணு இடத்துல வேலைக்கு ஆகாதவன்னு அனுப்பின என்னை, "என் தம்பி செய்வான்"னு நீ இங்க சொல்லி வச்சிருந்த. இங்கயும் முடியலைன்னு சொல்ல நாக்கு எழும்பல. விழா முடிஞ்சதும் கமுக்கமா சரி பண்ணிடலாம்னு இருந்தேன். அன்னைக்குப் பிள்ளைங்க எல்லாம் கை தட்டினப்போ...

— இங்க யாரும் கை தட்ட மாட்டாங்க. தூக்கி ஆட்டுவாங்க.

— ஆமா. ஆட்டினாங்க. சத்தமே இல்லாம அத்தனை கை. எனக்காக. அதுக்கப்புறம் அப்படியே மறந்து போச்சுக்கா.

— மறந்துச்சா?

— மறக்கல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். தள்ளத் தள்ள சொல்றதுக்கு வெக்கமாயிடுச்சு. உன் போன் வந்தாலே கவுத்து வச்சுடுவேன்.

— அதான் பாதி நாள் எடுக்கலையா? சரி, இப்பவாவது மெயில் போகுதா?

— போகுது. வேற வழியா அனுப்ப வச்சுட்டேன். பத்து நிமிஷ வேலை.

— பத்து நிமிஷமா! அன்னைக்கு இந்த வழி தெரியாதா?

— தேடலக்கா.

— பன்னெண்டு இடம்டா இந்த வருஷம். நேர்ல வந்தவங்களுக்கே ஒன்பது போயிடுச்சு. மிச்சம் மூணு. முப்பத்தொரு பிள்ளையில எந்த மூணைக் கூப்பிட? நீயே கை வச்சுக் காட்டு.

— என்னைக் கொல்லாதக்கா.

— மூணு மணிக்குப் பெரிய டீச்சர் கூப்பிட்டிருக்காங்க. அந்த ரிப்போர்ட்டும் அவங்க மேசையில இருக்கு. அடியில "சரிபார்த்தேன்"னு என் கையெழுத்து. பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு காகிதம் தப்பாப் போனதில்ல.

— நான் வர்றேன். நானே அவங்க முன்னாடி நின்னு சொல்றேன், படம் பொய்னு, உன்னை ஏமாத்தினேன்னு. போலீசுக்குப் போனாலும் போகட்டும். உனக்குச் செர்வரைப் பத்தி என்ன தெரியும்? தம்பி குடுத்தான், நம்பிப் போட்ட. உன் மேல ஒரு தூசி விழாது. எழுந்திரு, போவோம்.

— உக்காரு.

— மணி ஆகுதுக்கா. அப்புறம் எனக்குத் தைரியம் போயிடும்.

— உக்காருடா. அந்தப் படத்தோட மேல் ஓரத்துல பொடி எழுத்துல மெத்தைக் கடை பேரு இருந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

— பார்த்தியா? அன்னைக்கேவா? அப்போ... அப்போ ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா, என் மூஞ்சியைப் பார்த்தே இன்னொரு பொய் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்டா.