ஒண்ணா போடற கட்டை

அப்பாதுரை: முட்டுக்கட்டைய கீழ வை மாப்ள. இன்னிக்குத் தேருக்கு நீ போடல.

சகாதேவன்: இன்னா மச்சான், சாமி கெளம்பற நேரத்துல மூஞ்ச தூக்கிட்டு நிக்கிற? எடது சக்கரம் நீ, வலது சக்கரம் நான். எழுபத்தொண்ணுலேர்ந்து ஒண்ணாதானே போடறோம்?

அப்பாதுரை: ஒண்ணா... அந்த வார்த்தைய உன் வாயால சொல்லாத.

சகாதேவன்: ஏன், அதுல இன்னா...

அப்பாதுரை: ஒண்ணா மாடு மேய்ச்சோம், சரி. ஒண்ணா செங்கம் போயி படம் பாத்தோம், அதுவும் சரி. தேருக்கு முன்னாடி நின்னு மூர்த்தி துண்ட வீசினா ரெண்டு கட்டையும் ஒண்ணா விழணும். அப்பத்தான் தேரு நேரா நிக்கும். போன வருஷம் விழுந்துச்சா?

சகாதேவன்: ஒரு நொடி முன்ன பின்ன...

அப்பாதுரை: அந்த நொடியிலதான் என் பக்கம் சக்கரம் நின்னுச்சு, உன் பக்கம் ஓடுச்சு. தேரே என் மேல திரும்பிச்சு. கால்ல ரெண்டு விரலு போச்சு.

சகாதேவன்: ஆஸ்பத்திரில பத்து நாளு உன்கூடவே கெடந்தேனே மச்சான்.

அப்பாதுரை: அதுலதான் சந்தேகமே ஜாஸ்தியாச்சு. தப்பு செஞ்சவன்தான் அப்படி விழுந்து விழுந்து பாப்பான்.

சகாதேவன்: அடப்பாவி... வேணும்னே செஞ்சேங்கிறியா?

அப்பாதுரை: நம்ம கெணத்துல தங்கச்சி சந்திரகலாவுக்குப் பங்கு இல்லன்னு நான் சொன்னது எப்ப? அதுக்கு முந்தின வருஷம் ஆடியில. நீ லேட்டா போட ஆரம்பிச்சது?

சகாதேவன்: அது...

அப்பாதுரை: அதே வருஷம் கார்த்திகைத் தேருல. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.

சகாதேவன்: உன் தங்கச்சி புருஷன்யா நானு. கெணத்துத் தண்ணிக்காக உன்னக் கொல்லுவனா?

அப்பாதுரை: தெரியல மாப்ள. உன்ன அந்தப் பக்கம் வச்சிக்கிட்டு சக்கரத்துக்கிட்ட குனிய எனக்கு பயமா இருக்கு. அவ்ளோதான்.

சகாதேவன்: தள்ளு மச்சான், தேரு கெளம்பட்டும்.

அப்பாதுரை: ஏன் லேட்டா போட்ட? அத மட்டும் சொல்லு. இல்லன்னா உன் எடத்துல சுப்பன நிறுத்திடுவேன்.

சகாதேவன்: சொன்னாலும் நிறுத்திடுவ.

அப்பாதுரை: அப்ப ஏதோ இருக்குது.

சகாதேவன்: வுடு மச்சான்... மோளம் ஆரம்பிச்சிட்டாங்க.

அப்பாதுரை: சொல்லிட்டு கட்டையத் தொடு.

சகாதேவன்: மூர்த்தி வீசற துண்டு எனக்குத் தெரியல மச்சான். ரெண்டு வருஷமா கண்ணுல ஒரே பொகையா இருக்கு, சந்திரகலாகிட்டகூட சொல்லல. உன் கட்டைல சக்கரம் மோதற சத்தத்தக் கேட்டுத்தான் நான் போடறேன்.