நடுத் தட்டில் ஒரு நீலக் குப்பி

காப்பர் பெப்டைட் குப்பியை ஃப்ரிட்ஜின் கதவில் வைக்கக் கூடாது, மேடம். எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கி மருந்து கெட்டுப்போகும். நடுத் தட்டில், பின்பக்கமாக வைக்க வேண்டும். சரும மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடமாக மருந்து அறையைப் பார்த்துக்கொள்கிறேன். என் கையில் ஒரு குப்பிகூடக் கெட்டதில்லை.

செம்பு சேர்ந்த திரவம் அது. வெளிர் நீலமாக இருக்கும். சுருக்கம் குறையும், முகம் இளமையாகும் என்று வாங்குகிறார்கள். குப்பியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். நீலமாக இருந்தால் பூசலாம். பச்சையாகத் திரும்பியிருந்தால் கொட்டிவிட வேண்டும். அக்காவுக்கு இதை நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் ஒரு கைக்குட்டையை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. இன்னும் என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வேலையிலிருந்து திரும்பியதும் சேர்ந்து கும்பிடுவோம், சேர்ந்து சாப்பிடுவோம். ஒருவர் மனம் நோக இன்னொருவர் பேசியதில்லை.

பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறுக்காக நில அளவையர் ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர். சுவரை ஒரே நாளில் அளந்து முடித்துவிட்டார். பிறகும் ஞாயிறு தோறும் வந்தார்.

"இன்னும் என்னங்க அளக்குறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"கணக்கு ஒரு விரல் இடிக்குதுங்க. இன்னொரு தடவை பாத்துடலாம்."

அவள் சிரித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. நாலு மாதத்தில் பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"கல்யாண போட்டோல நான் அவருக்கு அக்கா மாதிரித் தெரியக் கூடாதுடி, குட்டி. உங்க ஆஸ்பத்திரி நீல மருந்து ஒண்ணு கொண்டு வாயேன்" என்றாள்.

கொண்டுவந்தேன். முதல் குப்பி நல்ல மருந்து. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. முகத்தைப் பார்த்து வருகிறவர் முகம் வாடினால் போய்விடுவார். அந்த வலி கல்யாணத்துக்குப் பிறகு வருவதைவிட முன்பே வந்துவிட்டால் அவளுக்கு நல்லதுதானே.

தோலை உரிக்கும் அமிலம் ஒன்று எங்கள் மருந்து அறையில் உண்டு. டாக்டர் மட்டும்தான் தொடுவார், அதுவும் நீர் கலந்து. செம்பு மருந்தும் அதுவும் சேர்ந்தால் நிறம் மாறிவிடும். அதனால் இரண்டாம் குப்பியில் செம்பு மருந்தே இல்லை. அமிலமும், துணிக்குப் போடும் நீலச் சாயம் இரண்டு துளியும். அக்கா வழக்கம்போல் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டாள். நீலமாக இருந்தது. முகத்தை நீட்டினாள்.

"எரியுதுடி."

"பழைய தோல் உரியுதுக்கா. பொறுத்துக்கோ."

"நீ சொன்னா சரிதான்."

எரிச்சல் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊதிவிட்டேன். கடவுளை நினைக்காமல் ஒரு சொட்டும் பூசியதில்லை.

உரிந்த தோலுக்கு வெயில் ஆகாது. எனவே ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டேன். ஆவி ஆகாது, சமையலறைக்கு வர வேண்டாம் என்றேன். போன் வெளிச்சமும் ஆகாது. அதை வாங்கி வைத்துக்கொண்டேன். சிரித்தால் புண் வெடிக்கும் என்றேன், சிரிப்பதை விட்டாள். முகத்தைப் பார்த்தால் மனம் உடையும் என்று கண்ணாடிகளைக் கழற்றினேன். யாரும் தொந்தரவு செய்யாமலிருக்க, வேலைக்குப் போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். எதிலும் தப்பு தெரியாது.

அளவையரிடம் அக்காவுக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அக்காவிடம் அவர் வருவதில்லை என்று சொன்னேன். இரண்டும் பொய். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான் இல்லாத ஒரு புதன்கிழமை அவர் வந்திருக்கிறார். அவர் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. கதவின் தபால் துளை வழியாகப் பேசியிருக்கிறார்கள். முகம் சரியில்லை, பார்க்க வேண்டாம் என்றிருக்கிறாள். வெளியே பூட்டு தொங்கியதை அவர் பார்த்தார். கேட்டதற்கு, "தங்கச்சி என் நல்லதுக்குத்தான் பூட்டிருக்கா" என்றாளாம்.

"சரி, என்னால ஆகுற வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"குட்டியோட ஆஸ்பத்திரி மருந்து பட்ட கைக்குட்டை ஒண்ணு இருக்கு. துவைச்சுத் தர்றீங்களா?"

கேலிக்குத்தான் சொல்லியிருப்பாள். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நான் கணக்குப் போடாத இடம் அதுதான், மேடம். செம்பு மருந்தின் நீலம் தண்ணீர் பட்டால் போய்விடும். சாயம் போகாது. மூன்று முறை சோப்புப் போட்டிருக்கிறார், போகவில்லை. அவருக்குச் சந்தேகம் எதுவுமில்லை. சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றுதான், கறை நீக்க வழி கேட்டு எங்கள் மருத்துவமனைக்கே போயிருக்கிறார். டாக்டர் துணியை வெளிச்சத்தில் பிடித்து, "இது நம்ம மருந்தே இல்லையே" என்றாராம்.

அன்றைக்கே பூட்டை உடைத்துவிட்டார்கள். அதற்குள் ஆறு குப்பி முடிந்திருந்தது. இடது கண்ணில் பார்வை திரும்பாது என்கிறார்கள். இமையோரம் பூசும்போது அவள் அசைந்துவிட்டாள். அசையாதே என்று நான் சொல்லியிருந்தேன்.

அளவையர் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகிலேயே இருக்கிறாராம். எத்தனை நாள் என்று பார்ப்போம்.

ஆமாம், கையெழுத்துப் போடுகிறேன். அமிலம் ஊற்றியது நான். சாயம் கலந்தது நான். பூட்டியது நான். அவள் கேட்கக் கேட்க நிறுத்தாததும் நான்தான். இங்கே வந்த நர்ஸிடம் அக்கா ஒன்றே ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்: "குட்டி சாப்பிட்டாளா?" பார்த்தீர்களா, அவளுக்குப் புரிந்திருக்கிறது.

அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் ஒரு உதவி செய்யுங்கள். உடைத்த பூட்டுக்குப் பதில் புதிது வாங்கி வெளியிலிருந்து பூட்டச் சொல்லுங்கள். கதவு திறந்து கிடந்தால் அவள் பயப்படுவாள்.