ரோஸ்மேரித் தூள்

ரோஸ்மேரிக்குத் தண்ணீர் கொஞ்சமாக ஊற்றினால் போதும் சார். செல்லம் கொடுத்தால் வேர் அழுகிவிடும். உங்கள் ஆட்கள் பிடுங்கிப் போட்டார்களே, அந்தச் செடிகள் அத்தனையும் நான் குச்சி ஒடித்து நட்டு வளர்த்தவை.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வந்துவிட்டால் அம்மா பயந்துபோய் மூலையில் நின்றுவிடுவாள். தலையை மடியில் ஏந்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிடுவது நான்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களையும், இவளை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ரோஸ்மேரியை எண்ணெயில் ஊறப்போட்டு அவள் உச்சந்தலையில் தேய்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அம்மா போன பிறகு ஒரு புது டாக்டர் வந்து சேர்ந்தார். அவர் கொடுத்த கேப்ஸ்யூலில் வலிப்பு நின்றது. போகட்டும். அந்த மனிதர் என் எண்ணெயை மோந்து பார்த்துவிட்டு, "இது வலிப்புக்காரங்களுக்கு ஆகாதும்மா, தூக்கிப் போடுங்க" என்றார். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்க அறையும் பார்த்துவிட்டாள்.

"இனிமே நீ எனக்குக் காவல் இருக்க வேணாம்க்கா. உன் வாழ்க்கையப் பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எந்த வாழ்க்கைய என்று கேட்டேன். துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மருந்தைக் கொட்டிவிட்டு, காயவைத்து இடித்த ரோஸ்மேரித் தூளை அடைத்தேன். வாக்குமூலத்தில் விஷம் என்று எழுதிவிடாதீர்கள். உருளைக்கிழங்கு வறுக்கும்போது நான் தூவுகிற இலைதான் அது. ஒரே ஒரு தடவை வரட்டும், என் மடி அவளுக்கு ஞாபகம் வரட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு?

கிளம்புகிற காலையில் வந்தது. திறந்து கிடந்த பெட்டிக்குள் குப்புற விழுந்தாள். முகம் துணிகளுக்குள் புதைந்துவிட்டது. புரட்டிப் போட ஒரு நொடி போதும். நான் கதவருகில் நின்றேன். அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடட்டும், போகிறேன் என்று நின்றேன். மூச்சு அடங்கும்வரை நின்றேன்.

வலிப்பில் கிடப்பவளால் கூப்பிட முடியாது என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும் சார். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இருந்தாலும், அவள் கூப்பிட்டிருக்கலாம்.