ரெண்டுதரம் அடிச்ச போன்

ஐயோ பிள்ளை, உதில கை வைக்காதையும்! கறண்டு பிளக் சோபாவுக்குப் பின்னால கிடக்கு, உம்மட ரேப் றெக்கோடரை அங்க குத்தும். உது போன் வயர். ஓம், கறுப்பு ரேப் சுத்தித்தான் கிடக்கு. நான்தான் சுவரோட சேத்து ஒட்டினனான். சின்னப் பிள்ளையள் கால் தட்டினால் கழண்டுபோகும் எண்டு. எங்களுக்கோ? இல்லை, எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. வாற போற ஆக்களின்ர பிள்ளையளைச் சொன்னனான். முதல்ல தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது.

என்ர மனுசன் இன்னும் வரேல்லை. பிறம்ரனில வெயார்ஹவுஸ் வேலை, சனிக்கிழமையும் ஓவர்ரைம் எண்டு போட்டார். நாலு மணிக்கு வந்திடுவார். உங்கட றேடியோவில, தொண்ணூற்றிரண்டு பேஸ்போல் மட்ச்சைப் பாத்த ஆக்களின்ர ஞாபகங்களைச் சேர்க்கிறம் எண்டு சொன்ன உடன, முதல் ஆளா அடிச்சது இக்னேசியஸாத்தான் இருக்கும். அஞ்சு வருசமா அவர் இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. கலியாண வீட்டிலயும் சொல்லுவார், செத்த வீட்டிலயும் சொல்லுவார். எனக்கே சொல்லுவார் பிள்ளை, நானும் அண்டைக்கு வீட்டில நிண்டனான் எண்டதை மறந்துபோய்! என்னையும் கேக்கச் சொன்னவரோ? சரி, கேளும். அவர் வர முதல் முடிச்சிடுவம்.

பேஸ்போல் எங்களுக்கு என்ன தெரியும்? கிரிக்கெற் தெரியும். வந்த புதிசில, அடிச்ச பந்து பின்னால பறந்தால் நானும் அவரும் ஃபோர் எண்டு கை தட்டுவம். பிறகுதான் தெரியும், உதுக்கு றன் ஒண்டும் இல்லையாம். எனக்குப் படிப்பிச்சது பக்ரரிதான். சோப் பெட்டி அடுக்கிற லைன். அங்க நாள் முழுக்க றேடியோவில மட்ச் போகும். அதுக்கு முதல் ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. கதைச்சாலும், உங்கட நாட்டில சண்டையாமே எண்டு கேப்பினம். இந்த ஊர் ரீம் ஜேய்ஸைப் பற்றித் தெரிஞ்ச பிறகு, கிளடிஸ், நேற்று பாத்தனியோ எண்டு கேக்கத் தொடங்கினவை. அது பெரிய ஆறுதல், சொன்னா விளங்காது உமக்கு.

ஓம், அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. தாங்ஸ்கிவிங் லோங் வீக்கென்ட். இதே வோபர்ன் அபார்ட்மென்ற்தான். இந்த ஹோலில நாங்கள் ரெண்டு பேரும், எங்களோட வாடகைக்கு இருந்த பஸ்ரியனும். மட்ச் ஓக்லன்டில. உவங்களோட எங்களுக்குப் பழைய கோவம், எண்பத்தொன்பதிலயும் உவங்கள்தான் எங்களை அடிச்சுக் கலைச்சவங்கள். அண்டைக்கும் அவங்கள் ஆறு, நாங்கள் ஒண்டு! ரீவிய நிப்பாட்டுவமோ எண்டு யோசிச்சம். அப்ப எட்டாவது இன்னிங்ஸில, நான் உடுப்பு மடிக்க அறைக்குள்ள போனன். போன கையோட எங்கட ஆக்கள் அடிக்கத் தொடங்கினாங்கள். நான் ஓடி வந்து எட்டிப் பாத்தன், அடுத்தவன் அவுட். பஸ்ரியன் கும்பிட்டான் பிள்ளை: அக்கா, உங்களக் கெஞ்சிக் கேக்கிறன், உள்ளுக்கே நில்லுங்கோ. சரியெண்டு போனன். ஆறுக்கு நாலு!

சிரியும், சிரியும். இப்ப நினைச்சால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அண்டைக்கு மூண்டு பேரும் உண்மையா நம்பினம். அங்க ஓக்லன்டில ஒருத்தன் அடிக்கிறது, இஞ்ச நான் எந்த அறையில நிக்கிறன் எண்டதில கிடக்கு எண்டு. அவர் எழும்பி வந்து கதவையும் சாத்திப்போட்டார். என்ன நடந்தாலும் வெளியில வராத, ஒண்டிலயும் கை வைக்காத எண்டு கட்டளை.

அந்த நேரம் போன் அந்த அறைக்குள்ளதான் இருந்தது. பிறகுதான் ஹோலுக்குக் கொண்டு வந்தனாங்கள்.

அவர் போனில உமக்குச் சொன்ன கதை அதுதானே? என்ர தம்பி, றெஜி. என்னைவிடப் பதின்மூண்டு வயசு இளையவன், அம்மா செத்த பிறகு நான்தான் வளத்தனான். அப்ப அவன் பாங்கொக்கில நிண்டவன். இவர்தான் ஏஜென்சி பிடிச்சு எடுப்பிச்சவர். பாங்கொக்கில இருந்து ஹொங்கொங், ஹொங்கொங்கில இருந்து இஞ்ச, எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். அப்ப போன் எடுத்துக் கதைக்க யாரிட்ட வசதி? அதனால எங்களுக்குள்ள ஒரு கதை. ரெண்டுதரம் அடிச்சிட்டு வைச்சால், சுகமா ஹொங்கொங் போய்ச் சேந்திட்டன் எண்டு அர்த்தம். எடுக்கத் தேவையில்லை. விடாம அடிச்சால் ஏதோ கரைச்சல், எடுக்கவேணும். எல்லா வீட்டிலயும் உப்பிடி ஏதோ ஒண்டு இருந்ததுதானே. உங்கட அப்பாவைக் கேட்டுப்பாரும், அவரும் சொல்லுவார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒருத்தன் மூண்டாவது பேஸில நிக்கிறான். அங்கால, அந்த மீசைக்காரப் பிச்சர், அவன்ர பந்தை ஒருத்தரும் தொடேலாது எண்டு பேரெடுத்தவன். நான் கட்டிலில இருந்து அந்தோனியாரை மண்டாடுறன். அந்த நேரம் பாத்துப் போன் அடிக்குது. ஒருதரம். ரெண்டுதரம். நிண்டுபோச்சு. நிண்டதுதான் தாமதம், ஹோலில ரெண்டு பேரும் கத்தின கத்தில கீழ்வீட்டுக்காரன் மேல தட்டினவன். ஹோம் ரன், பந்து வேலிக்கு அங்கால! ஆறுக்கு ஆறு! ஓடி வந்து பாக்கிறன், ரீவியில அந்தப் பந்தை அடிச்சவன் ரெண்டு கையையும் மேல தூக்கினபடி நடக்கிறான். இவர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுகிறார். ரெண்டு அடி, கேட்டனியோ கிளடிஸ், ரெண்டு அடிதான், பொடியன் போய்ச் சேந்திட்டான்! நானும் ஓம் எண்டன்.

பிறகென்ன, பதினோராவதில ஏழுக்கு ஆறெண்டு வெண்டம். பஸ்ரியன் கீழ போய்க் கோழிப்பொரியல் வாங்கி வந்தான். இவர் றெஜி படுக்கிறதுக்கெண்டு இந்தச் சோபாவை அண்டைக்கே இஞ்சால இழுத்துப் போட்டவர். கதை அவ்வளவுதான். வடிவான கதை, என்ன?

வந்தவனோ? இல்லை பிள்ளை. வரேல்லை.

அதை அவர் உமக்குச் சொல்லேல்லையோ? சொல்லமாட்டார். ஹோம் ரன்னோட நிப்பாட்டிப்போடுவார். ஒரு மாதம் பாத்தம், ரெண்டு மாதம் பாத்தம். பிறகு ஹொங்கொங்கில தேடினம். செஞ்சிலுவைக்காரருக்கு எழுதினம், அங்கத்தைக் கோயில் பாதர்மாருக்கு எழுதினம். இவர் ஹொங்கொங் ஜெயிலுக்கெல்லாம் படம் அனுப்பினவர். ஒண்டரை வருசம். பிழையான ஏஜென்சியைப் பிடிச்சு என்ர மச்சானை நானே துலைச்சுப்போட்டன் எண்டு சொல்லிச் சொல்லி, மனுசன் பாதியாப் போச்சு. அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்த ரெண்டு அடிதான். ஹொங்கொங் வரைக்கும் சுகமாப் போனவன், அதை என்ர காதால கேட்டனான் எண்டுவார்.

பொறும், போன். ...ஹலோ? ஹலோ? ...இல்லை, ஆரோ கார்ப்பெற் கழுவிறவங்களாம். ஓம், ஓடித்தான் போய் எடுப்பன். இந்த வீட்டில போன் ரெண்டாந்தரம் அடிக்க விடுறேல்லை. நம்பரும் மாத்தேல்லை, வீடும் மாறேல்லை. இவற்ர தமக்கை பாலேஸ்வரி யூனியன்வில்லில பெரிய வீடு வாங்கி, கீழ்வீட்டில வந்து இருங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டவ. போகேல்லை. அவனுக்கு இந்த நம்பர்தானே தெரியும்.

தொண்ணூற்றிநாலில எனக்கு ஒரு கடிதம் வந்தது. றெஜியோட பாங்கொக் லொட்ஜில நிண்ட பொடியன், இப்ப நோர்வேயில. அவன் எழுதினான்: றெஜி ஹொங்கொங் போகவே இல்லை. ஏஜென்சிக்காரன் ஓடிட்டான். கொஞ்சப் பேர் றோட்டால மலேசியாவுக்குக் கடக்கப் போறம், வாறியோ எண்டு கேட்டவையாம். அக்காட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டு இவன் கீழ கடையில போய்ப் போன் எடுத்தவன். அங்க விடிய ஆறு மணி. இருவது நிமிசமா அடிச்சுக்கொண்டே நிண்டவனாம். மணி கேக்குது, அக்கா எடுக்கிறா இல்லை, நித்திரையாக்கும் எண்டு சொல்லிப்போட்டு அவையளோட வானில ஏறினவன். அதுக்குப் பிறகு அந்த வானில போன ஒருத்தரையும் ஒருத்தரும் காணேல்லை.

இவர் அந்தக் கடிதத்தைப் பாக்கேல்லை. என்னட்டத்தான் கிடக்கு. பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில நிண்டும் எனக்கு வாய் வரேல்லை. இதைச் சொன்னால், இவருக்கு இருக்கிற அந்த ரெண்டு அடியும் இல்லாமப் போகும். சொல்லாட்டி, தன்னாலதான் எண்டு அழுதுகொண்டே இருப்பார். என்ன செய்யச் சொல்லுறீர்?

ஓம், சரியாத்தான் கேக்கிறீர். அவன் விடாம அடிச்சவன் எண்டால் இஞ்ச எப்பிடி ரெண்டோட நிண்டது?

அது தானா நிக்கேல்லை பிள்ளை. பாலேஸ்வரிதான் எண்டு நினைச்சன். ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்துக்குத்தான் அடிப்பா. எடுத்தால் அரை மணித்தியாலம் விடமாட்டா. மூண்டாவதில ஆள் நிக்குது, ஒண்டிலயும் கை வைக்காத எண்டு இவர் வேற கத்துறார். ஒரு நிமிசம்தானே, இந்தப் பந்து முடியக் குத்துவம் எண்டு, சுவரில இருந்து வயரை இழுத்துப்போட்டன். அங்கால கத்தல் கேட்டுது, ஓடினன். திருப்பிக் குத்தினது மட்ச் எல்லாம் முடிஞ்ச பிறகு. அவர் ரெண்டு அடி எண்டு கட்டிப்பிடிச்சு அழேக்க, அப்ப சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோசத்தில நிக்கிற மனுசனுக்கு என்னெண்டு சொல்லுறது?

திறப்புச் சத்தம் கேக்குது, அவர்தான். அந்த ரேப்பைப் பின்னுக்கு ஓட்டி, முதலில இருந்து அவரிட்டக் கேளும். என்னைவிட வடிவாச் சொல்லுவார். ரெண்டுதரம் அடிச்சு நிண்டது எண்டு சொல்லுவார். நீரும் ஓம் எண்டு சொல்லும், பிள்ளை.